ஏழு லட்சத்தில் ஒரு பல்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். எல்லோரும் பல்லக்கா, பல்லக்கா என்று கூப்பிடுகிறார்களே, முன்பல் ஏதும் எடுப்பாக இருக்குமோ என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்குச் சின்னச் சின்னதாக, வரிசையான பல். அவள் எண்ணுவது வேறு பல்லை.

லேசர் சீப்பு என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது. சாதாரண லேசர் ஒரே ஒரு நிறத்தைக் கொடுக்கும். இது லட்சக்கணக்கான நிறங்களை ஒரே வரிசையில், இம்மி பிசகாத இடைவெளியில் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஆனால் திரையில் வரைந்து பார்த்தால் சீப்புப் பல் மாதிரியே இருக்கும். ஒரு கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து உள்ளே இந்த வெளிச்சத்தை அனுப்பினால், வாயு தனக்குப் பிடித்த இடங்களில் மட்டும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். விழுங்கிய இடம் ஒரு கோடாகத் தெரியும். ஒவ்வொரு வாயுவுக்கும் அதன் கோடுகள்தான் கைரேகை. அந்தக் கோடு எத்தனையாவது பல்லுக்குப் பக்கத்தில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால், அதன் இடத்தைப் பதினோரு இலக்கம் வரைக்கும் சொல்லிவிடலாம்.

வம்பே அந்த "எத்தனையாவது"தான். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருக்கும், எதன் மேலும் எண் எழுதியிருக்காது. அதற்காக ஓரமாக ஒரு மீட்டர்ப் பெட்டி இருக்கிறது. அது உத்தேசமாக இடத்தைச் சொல்லும். பிசகு அரைப் பல்லுக்குள் இருந்தால் போதும், வகுத்துப் பார்த்து ஏழு லட்சத்து இருபத்தாறாயிரத்து இத்தனையாவது பல் என்று பிடித்துவிடலாம். அரைப் பல்லைத் தாண்டியதோ, தொலைந்தது. பக்கத்துப் பல்லின் எண் வந்துவிடும். அதற்கப்புறம் போடுகிற கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கும், விடையும் பளிச்சென்று இருக்கும், மொத்தமும் தப்பாக இருக்கும். சட்டையின் முதல் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிவிட்டு மிச்சத்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி.

நான் இதையெல்லாம் படித்தவள் இல்லை. வாயு சிலிண்டர் கிடங்கு என் பொறுப்பு. பதினெட்டு வருஷமாகக் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். தப்பாக ஏதாவது சொன்னால் பல்லக்கா திருத்துவாள், அந்தக் கவலை எனக்கில்லை.

அவளுக்குப் பெரிய பட்டம் கிடையாது. பட்டயப் படிப்பு முடித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் வெற்றிடப் பம்புக்கு எண்ணெய் மாற்ற வந்தவள். எண்களில் அவளுக்கு இருந்த கை சுத்தத்தைப் பார்த்து டாக்டரம்மா அவளை எண்ணும் வேலைக்கு இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஆய்வகத்தின் தலைவி. பல்லக்காவின் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "என் பெண்டாட்டி வீட்டுச் சாவியையே மூணு தடவை எண்ணுவா, அதுவும் ஒரே சாவியை" என்று என்னிடமே கிண்டல் பண்ணியிருக்கிறார். நிஜம்தான். பூட்டை இழுத்துப் பார்ப்பாள், நாலு படி இறங்குவாள், திரும்ப ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பல் எண்ணை ஒருவர் மட்டும் சொல்லக் கூடாது. காலையில் ஒருவர் மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். மத்தியானம் இன்னொருவர் தானாகப் பார்த்து, தானாகக் கணக்குப் போட்டு, தன் சீட்டைப் போட வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. சாயங்காலம் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் வந்து பிரிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் நோட்டில் ஏற்றி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, சீட்டுகளை உறையில் வைத்து ஒட்டிவிடுவோம். சம்பந்தமே இல்லாத அந்த ஆள் நான்தான். காலைச் சீட்டு பல்லக்கா, மத்தியானச் சீட்டு மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்கு வந்த முதல் நாள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றான், அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறான். வருஷா வருஷம் அவன் பெயர் பட்டியலில் இருக்குமா இருக்காதா என்று எங்கள் எல்லோருக்கும் பக் பக் என்றிருக்கும். ஒருவழியாக இந்த வருஷம் நிரந்தரப் பணிக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு. அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் கடிதம் வந்தது.

வேறொரு நாட்டு ஆய்வகம் எழுதியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வெளியிட்ட மீத்தேன் அட்டவணையில் நாற்பத்தொரு கோடுகள். நாற்பது கோடுகள் அவர்கள் அளந்ததோடு அச்சாகப் பொருந்துகின்றன, பதினேழாவது கோடு மட்டும் பொருந்தவில்லை. வித்தியாசம், எங்கள் சீப்பில் சரியாக ஒரு பல் இடைவெளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். தங்கள் பக்கமே தவறு இருக்கலாம் என்றும், ஒரு முறை சரிபார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். "நம்மகிட்ட ரெண்டு சீட்டு இருக்கு. அவங்ககிட்ட என்ன இருக்கு? இருந்தாலும் கேட்டுட்டாங்க, வியாழக்கிழமை திரும்ப அளந்துடுவோம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் பல்லக்காவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்தப் பதினேழாவது கோட்டின் சீட்டுகளை நான் மறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் நான் பிரித்த இரண்டு சீட்டிலும் ஒரே எண். மாப்பிள்ளை ஏழு போட்டால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு இழுப்பான். மத்தியானச் சீட்டிலும் குறுக்குக்கோடு இருந்தது. ஆனால் மாப்பிள்ளை பூப்போல எழுதுகிறவன். பல்லக்கா பேனாவை அழுத்துகிற அழுத்தில் எழுத்து மறுபக்கம் தடவினால் தெரியும். அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுத்து என் விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்கு மாப்பிள்ளையின் மூத்த பையன் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டான் என்று போன் வந்து, மூடியில்லாத பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சீட்டுப் போடாமலே அவன் ஓடியதை நானும்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். எண் சரியாகத்தானே இருக்கப்போகிறது, பல்லக்கா போட்ட கணக்காயிற்றே என்று நினைத்தேன். நினைப்பில் தப்பில்லை, கையெழுத்துத்தான் தப்பு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கிடங்குக்கு வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சிலிண்டர்களைக் கட்டியிருந்த சங்கிலியை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"அதை நான் கட்டி எட்டு வருஷம் ஆச்சு, ஓடிப் போகாது. உட்காரு" என்றேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"ரெண்டு சீட்டையும் நீதான் எழுதினே. அதானே?"

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். எண் சரியா இருந்தா போகட்டும்னு விட்டேன்."

"சரியா இல்லைடி" என்றாள். "முந்தின நாள் ராத்திரி கரண்ட் போயிருந்துச்சு. மீட்டர்ப் பெட்டி அணைஞ்சு கிடந்துச்சு. எட்டு மணிக்கு நான்தான் போட்டேன். அது சூடாக ரெண்டு மணி நேரம் வேணும். நான் ஒன்பதுக்கே பார்த்துட்டேன். மத்தியானம் மாப்பிள்ளை எப்படியும் பார்க்கத்தானே போறான், தப்பா இருந்தா அப்ப தெரிஞ்சுடும்னு ஒரு அலட்சியம். அப்புறம் அந்த போன் வந்துச்சு. அவன் கையும் ஓடாம காலும் ஓடாம நிக்கறான். நீ போடா, நான் பார்த்துக்கறேன்னு அனுப்பிட்டேன். காலையில் மீட்டர் ஆறிக் கிடந்ததே சுத்தமா மறந்துபோச்சு. அதே எண்ணைத் திரும்ப எழுதிப் போட்டேன். நேத்து அந்தம்மா 'சரியா ஒரு பல்'னு படிச்சாங்க பாரு, அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

எரிவாயுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று தூரத்தில் நின்று பார்க்கிற கருவிகள் செய்கிறவர்கள் எங்கள் அட்டவணையைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் பதினேழாவது கோட்டை நம்பியிருக்கிறார்களோ. அதை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் பயம். அடுத்த பயம், வெள்ளிக்கிழமை. உறையைப் பிரித்தால் இரண்டு சீட்டும் ஒரே கை என்பது தெரியும். மாப்பிள்ளை பெயரில் பொய்ச் சீட்டு. ஒப்பந்தக்காரனுக்கு அது போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் நிரந்தரம், அவளை ஒன்றும் பெரிதாகச் செய்ய மாட்டார்கள். அதுதான் அவளைத் தின்றது.

"வாயை மூடிட்டு இருந்தா?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். "வியாழக்கிழமை அளந்தா வேற எண் வரும். பழசுல எங்கேயோ தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிடுவாங்க. வெள்ளிக்கிழமை தாண்டட்டும்."

"உறையைக் கேட்பாங்க. உனக்கு அந்தம்மாவைத் தெரியாதா?"

அன்று இரவு வேன்காரர் எனக்கு போன் பண்ணினார். "உங்க ஆபீஸ்ல என்ன நடக்குது? இவ சமையல்ல உப்பு ரெண்டு தடவை போடறா. கேட்டா அழறா" என்றார். எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான் என்று அவரிடம் சொல்லவில்லை. நான் படுக்கையில் புரண்டுகொண்டே, என் கையெழுத்து அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, ஆனால் முதலில் மாப்பிள்ளையிடம் சொல்வது. அவனைக் கிடங்குக்குக் கூப்பிட்டோம். நேர்காணலுக்கு என்று முடி வெட்டிக்கொண்டு, பிடரி பளபளவென்று வந்து நின்றான். பல்லக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மீட்டர், ஒன்பது மணி, சீட்டு, எல்லாம். "உன் வேலைக்கு உலை வச்சுட்டேன்டா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவன் அதிர்ச்சி அடைவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு தரையில் இருந்த ஒரு வாஷரைக் காலால் தள்ளினான்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எண் தப்புன்னு. பையன் தேறிட்டான், மறுநாள் காலைல சீக்கிரம் வந்தேன். சீட்டு போடலையேன்னு மனசு கேட்கலை. மீட்டரைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன். ஒண்ணு கம்மியா வந்துச்சு. மூணு தடவை பார்த்தேன், மூணு தடவையும் கம்மிதான். நோட்டைத் திறந்தா என் சீட்டுன்னு ஒண்ணு உறைக்குள்ள போயாச்சு, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்துச்சு. போட்டுட்டேன்."

"ஏண்டா சொல்லலை?" என்று கேட்டது நான்.

"எப்படிக்கா சொல்றது? எனக்காக எழுதினாங்க. என் புள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ எனக்காகப் பொய் எழுதினவங்களை நானே காட்டிக் கொடுக்கறதா?"

அவள் உருகிப் போவாள், அவனைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இல்லை. எழுந்தாள். அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"மூணு வருஷமாடா?" என்றாள். "மூணு வருஷமா சரியான எண்ணைக் கையில் வச்சுக்கிட்டு என் பக்கத்துல உட்கார்ந்திருக்கே? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒரு நாள் அழுதிருப்பேன். ஒரு நாள்! உறையைக் கிழிச்சு, வேற சீட்டு எழுதி, அந்தம்மாகிட்ட திட்டு வாங்கிட்டுப் போயிருப்பேன். இப்ப ஊரெல்லாம் என் தப்பைப் பெட்டிக்குள்ள வச்சுக் கசிவு பார்க்கறாங்கடா!"

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. விடுவிடுவென்று கிடங்கை விட்டுப் போய்விட்டாள். நான்தான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

டாக்டரம்மா புதன்கிழமை வெளியூரில் இருந்தார். வியாழக்கிழமை நேராக அளக்கும் அறைக்கே வந்துவிட்டார், பேசச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. குளிர்ந்த அறை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மேசை மேல் கண்ணாடிகளும் குழாய்களும், நடுவில் நான் நிரப்பிக் கொடுத்த மீத்தேன் குழாய். மீட்டர்ப் பெட்டியைப் பல்லக்கா முந்தின நாளே போட்டு வைத்திருந்தாள். அன்றைக்குச் சாதாரணமாக அளக்கவில்லை. முதலில் ஒரு தடவை அளந்தார்கள். பிறகு சீப்பின் பல் இடைவெளியை மயிரிழை அளவு மாற்றிவிட்டு அதே கோட்டை மறுபடி அளந்தார்கள். எண் சரியாக இருந்தால் இரண்டு தடவையும் கோடு ஒரே இடத்தில் வந்து நிற்கும். எண் ஒன்று பிசகினாலும் இரண்டு தடவைக்கும் இரண்டு இடம் காட்டும். ஏமாற்றவே முடியாத சோதனை.

சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்தேன். இரண்டு சீட்டிலும் ஒரே எண், பழைய எண்ணுக்கு ஒன்று குறைவு. திரையில் கோடு இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. கோடு விலகிப் போனது.

பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பழைய உறையை எடுத்துட்டு வாங்க" என்றார்.

"வேண்டாம் மேடம்" என்றாள் பல்லக்கா. "ரெண்டும் நான் எழுதினது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை, "சரியான எண் எனக்கு மறுநாளே தெரியும் மேடம், நான் சொல்லலை" என்றான். நானும் மென்று முழுங்கிவிட்டு, "ஒரே கைன்னு எனக்கு அப்பவே தெரியும், கையெழுத்துப் போட்டேன்" என்றேன். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வெறுங்காலோடு வரிசையாக நின்றோம்.

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலாம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. பல்லக்காவைப் பார்த்து, "தப்பா எண்ணினதை நான் மன்னிச்சுடலாம். யாருக்கும் நடக்கும். பொய்ச் சீட்டுக்கு நீங்க பதில் எழுதித் தரணும்" என்றார். என்னிடம், "நீங்களும்" என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சரியா எண்ணிட்டு மறைச்சியே, உன்னை என்னப்பா பண்றது? தப்பு எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு வழி இருக்கு. மறைச்ச எண்ணை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

அன்றைக்கே அந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்குத் திருத்தக் கடிதம் போனது. அட்டவணை வாங்கிய எல்லோருக்கும் தனித்தனியாகப் போனது. முகவரிகளைப் பல்லக்காதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நடந்ததைத் தேர்வுக் குழுவுக்கும் எழுதிவிடுவதாக டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை, தேர்வுக் குழு உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே, மாடி வராந்தாவில் பல்லக்காவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை, எங்கள் வேலையும் அங்கே இல்லை. பல்லக்கா ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. புதன்கிழமைக்கு அப்புறம் மாப்பிள்ளையிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆனால் அவன் உள்ளே போனதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயந்தா அவனுக்கு வாய் குழறும்டி" என்றாள். கொஞ்சம் கழித்து, "உள்ளே போய் எல்லாம் என் தப்புன்னு சொல்லட்டுமா?" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆனது. கை சில்லிட்டுப் போயிருந்தது, யாருடைய கை என்று சொல்ல முடியவில்லை.

கதவு திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்தான்.

"இல்லைன்னுட்டாங்க" என்றான். "இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தமாவே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னாங்க. அளக்கற அறைக்குள்ள மட்டும் இனிமே நான் போகக் கூடாதாம்."

"என்னடா கேட்டாங்க?" என்றாள் பல்லக்கா.

"ஒண்ணே ஒண்ணுதான். இதே மாதிரி திரும்ப நடந்தா, உனக்கு வேண்டியவங்க மாட்டிக்குவாங்கன்னு தெரிஞ்சும், எண்ணைச் சொல்லுவியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுப் பார்த்தேன்க்கா. தெரியலைன்னு சொன்னேன்."

"அடப்பாவி!" அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. "சொல்லுவேன்னு சொல்றதுக்கென்னடா? ஒரு வார்த்தைதானே! சொல்லுவேன்னு சொல்லிட்டு வந்திருந்தா..."

பாதியில் நின்றுவிட்டாள். பிடித்திருந்த சட்டையை விட்டாள். ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கப்புறம் படியில் இறங்கும் வரை அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.